பாட்டு நின்றபோதெல்லாம் நடந்த மலை

சகலமான பேருக்கும், குறிப்பாக வரலாறு எழுதுகிறவர்களுக்கும், இதன்மூலம் முறைப்படி அறிவிக்கப்படுவது யாதெனில்: நியூசிலாந்தின் தெற்குத் தீவில் மட்டன் ஸ்பர் என்ற பனிச்சறுக்கு ஊரில், ஜூலை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு, கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர் உயரமுள்ள மவுண்ட் கிரிசெல்டா என்ற மலை தன் இடத்தை விட்டுக் கிளம்பி, 'கிழிந்த கையுறை' என்ற பாரை நோக்கி அரை மீட்டர் நடந்தது. பாரில் அப்போது பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு பேரும் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் ராத்திரி நான்கு மணிக்கு ஆரம்பிக்கிறது. சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டை நிறுத்தியதும் எல்லோரும் ஈரக் காலுறையோடு பாருக்கு வந்துவிடுவார்கள். சூரியனுக்கு இதில் சம்பந்தம் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்குப் பாட்டுப் போடுகிறவர் லயல் ட்வீடி. கோடையில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுவார். குளிர்காலத்தில் தன்னை 'டிஜே பனிச்சரிவு' என்று அழைத்துக்கொள்வார். வேறு யாரும் அப்படி அழைத்ததில்லை. நாற்பத்தேழு வயதிலும் அவருக்கு அந்தத் தொழிலின் முதல் பாடம் வரவில்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டைத் தாளம் பிசகாமல் அதன்மேல் ஏற்றிவிட வேண்டும். நடுவில் ஈ நுழையக்கூட இடம் இருக்கக் கூடாது. லயல் பாட்டை முடித்துவிட்டு, தொண்டையைச் செருமி, மைக்கில் ஆஸ்திரேலியர்களைப் பற்றி ஒரு ஜோக் சொல்லி, தானே சிரித்து, பிறகுதான் அடுத்த பாட்டுக்குப் போவார். ஒரு மாலைக்கு ஐம்பது பாட்டு, ஐம்பது இடைவெளி. அவருடைய முன்னாள் மனைவி ஐலீன் டஃப் விவாகரத்துக்குச் சொன்ன காரணங்களில் இந்த ஜோக்குகளும் உண்டு. வக்கீல் கேட்டுக்கொண்டதால் மூன்றை மட்டும் உதாரணமாகக் கொடுத்திருந்தார்.

மலை நடந்தது அந்த இடைவெளிகளில்தான். பாட்டு ஓடும்போது அசையாமல் நின்று கேட்கும். பாட்டு நின்றால், சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல அரை மீட்டர் கிட்டே வரும். ஒன்பது மணிக்கு பாரின் சொந்தக்காரி நைரி விளக்கை அணைத்து எல்லோரையும் வெளியே அனுப்பும்போது, இன்னொரு பாட்டு வேண்டும் என்று மேடைப் பக்கம் நெருக்கியடிக்கிற கூட்டத்தைப் போல ஒரு பெரிய எட்டு எடுத்து வைக்கும். முதல் வாரம் அந்தக் கடைசி எட்டு இரண்டு மீட்டர். அடுத்த வாரம் நான்கு.

இதை முதலில் கண்டுபிடித்தது ஐலீன். மலையில் காவல் பிரிவில் இருந்தார். பனி எத்தனை ஆழம், எங்கே சரியும் என்று தினமும் அளப்பது அவர் வேலை. பாரின் பின்சுவருக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே முந்நூற்றைம்பது மீட்டர் இருந்தது. அதில் மலைப் பக்கத்து நூறு மீட்டர் ஊரின் ரக்பி மைதானம். இரண்டாவது சனிக்கிழமை காலை கோல்கம்பம் ஒன்று பனிக்குள் நிற்பதைப் பார்த்து, நாடாவை எடுத்து அளந்து, ஆபீஸில் எழுதிக் கொடுத்தார். ஆபீஸில் அதைப் படித்துவிட்டுப் பாதியாக்கிக்கொண்டார்கள்.

இந்தப் பாதியாக்கும் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சறுக்குமலைக் கம்பெனியின் தலைவர் வார்விக் பென்னிஃபாதர் பதினான்கு வருடமாக ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்குப் பனி அறிக்கை வெளியிட்டுவந்தார். முழங்கால் அளவு விழுந்திருந்தால் இடுப்பளவு என்று எழுதுவார். அவர் பொய் சொல்வதாக யாரும் நினைக்கவில்லை. அது அவருடைய எழுத்து நடை. ஊர்க்காரர்கள் பனியைப் பற்றியும் மலையைப் பற்றியும் எந்த எண் காதில் விழுந்தாலும் பாதியாக்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். குழந்தைகள் வகுத்தல் படிப்பதற்கு முன்பே இதைப் படித்துவிடும். சில வருடங்களில் மலையும் பழகிவிட்டது. வார்விக் எண்பது சென்டிமீட்டர் என்று எழுதினால், காலையில் முப்பதோ ஐம்பதோ இருந்தாலும், மதியத்துக்குள் மிகச் சரியாக நாற்பதில் வந்து நிற்கும். ஐலீனின் அளவுகோலில் பல வருடமாக அப்படித்தான் காட்டியது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரோடு ஒத்துப்போகிற மலை என்று நினைத்தார்.

ஐந்தாவது வெள்ளி முடிந்தபோது மலை நூற்றறுபது மீட்டர் வந்திருந்தது. ஊர்க் கமிட்டி கூடியது. ஐலீன் நூற்றறுபது என்றார். எண்பது என்று குறித்துக்கொண்டார்கள். ஐந்து வாரத்துக்கு எண்பது என்றால் வாரத்துக்குப் பதினாறு. பாருக்கு வந்து சேர இன்னும் பதினேழு வாரம். அதற்குள் சீசன் முடிந்துவிடும் என்று தீர்மானம் நிறைவேறியது. "கண்ணால பாருங்கப்பா, மைதானத்தையே முழுசா காணோம்" என்று ஐலீன் சொன்னதற்கு, மழை பெய்து வெளுத்த நாளில் மலை கிட்டத்தில்தான் தெரியும் என்று பதில் வந்தது. அது உண்மைதான். ரக்பி அணி, மைதானம் ஈரமாக இருக்கிறது என்று சொல்லி ஆட்டங்களைப் பக்கத்து ஊருக்கு மாற்றிக்கொண்டது. வார்விக் மட்டும்தான் ஐலீனின் எண்ணை முழுசாக நம்பினார். 'தென்னரைக்கோளத்திலேயே மதுவுக்கு மிக அருகில் உள்ள சரிவு' என்று விளம்பரம் கொடுத்தார். சிட்னியிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

நைரிக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்தத் தீவின் பூர்வகுடியான மவோரிக்காரி, ஊரே ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும், அறுபது வயது வார்விக் உட்பட. "மலைன்னா நடக்கும். எங்க ஆளுங்க ஆதியிலேருந்து சொல்லிட்டுத்தான் இருக்காங்க. ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கிட்டு எங்கேயோ போய் உக்காந்ததெல்லாம் இருக்கு. நீங்கதான் சர்வே எடுத்து, யாரோ ஒருத்தரோட மாமியார் பேரை வச்சு, நகராதுன்னு எழுதி வச்சீங்க" என்று சொல்லிக்கொண்டே சீஸ் ரோல்களை அடுப்பில் திருப்பிப் போடுவார். மலைக்கு அவர் வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்; அந்தப் பெயரை எங்களிடம் சொன்னதில்லை.

எட்டாவது வெள்ளி முடிந்து மறுநாள் ஐலீன் இரண்டு தடவை அளந்தார். மலை மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டு மீட்டர் வந்திருந்தது. மிச்சம் முப்பத்திரண்டு. முந்தின ராத்திரி பார் மூடும்போது அது எடுத்து வைத்த கடைசி எட்டின் நீளம் முப்பத்தாறு மீட்டர். அதாவது அடுத்த வெள்ளிக்கிழமை லயல் ஒரே ஒரு பாட்டுப் போட்டுவிட்டு நிறுத்தினாலும், அந்த எட்டு பாரின்மேல் விழும். பாருக்குக் கீழே மெயின் ரோடு. மெயின் ரோட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆரம்பிக்காமல் இருப்பதுதான் ஒரே வழி. ஆறு நாள் பாட்டில்லாமல் மலை பேசாமல்தான் நின்றது. ஐலீன் அந்த வாரம் முழுவதும் கமிட்டியின் பின்னால் அலைந்து, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கூட்டம் வாங்கினார். சென்ற கூட்டத்தின் குறிப்பைப் படித்து ஒப்புதல் வாங்கவே நாற்பது நிமிடம் ஆனது. அன்று ஏழு மணிக்குப் பாரில் தன் சீசன் விழா உரை இருப்பதால் நிகழ்ச்சியை ரத்துசெய்ய முடியாது என்று வார்விக் எழுந்து சொன்னார். நான்கு மணி அடித்தது. வாழ்க்கையில் எந்த வேலைக்கும் நேரத்துக்கு வந்திராத லயல் ட்வீடி அன்றைக்குச் சரியாக நான்கு மணிக்கு முதல் பாட்டைப் போட்டுவிட்டார். தெருவைத் தாண்டி அது கமிட்டி அறைக்குள் கேட்டது. ஐலீன் கடைசியாக ஒருமுறை கமிட்டியிடம் வாதாடிப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்.

அவர் பாருக்குள் நுழைந்தபோது இரண்டாவது இடைவெளி. ஆஸ்திரேலியரும் ஆட்டுக்குட்டியும் என்ற ஜோக். லயல் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

"பாட்டைப் போடுடா."

"ஜோக் முடியலையே ஐலீன்."

"பன்னெண்டு வருஷமா முடியல. பாட்டைப் போடு, அப்புறம் பேசு."

போட்டார். ஐலீன் கவுண்டரின் மேல் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எட்டு வாரமாக மலை எவ்வளவு வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு முதல்முறையாக எவ்வளவு மிச்சம் என்று சொன்னார். முப்பத்தோரு மீட்டர் மிச்சம். இன்று பாட்டு நின்றால் அது எடுத்து வைக்கப்போகிற எட்டின் நீளம் முப்பத்தாறு. பாரில் இருந்த அறுபது பேரும் வழக்கப்படி பாதியாக்கினார்கள். பதினைந்தரை, பதினெட்டு. மறுபடி பாதியாக்கிப் பார்த்தார்கள். எத்தனை தடவை வகுத்தாலும் மிச்சத்தைவிட மலையின் எட்டுதான் பெரிதாக இருந்தது. லிஃப்ட் ஓட்டுகிற ஒருவன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்து, "அய்யய்யோ" என்றான். எல்லோரும் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள்.

ஊரைக் காலி பண்ண மூன்றரை மணி நேரம் வேண்டும் என்று ஐலீன் கணக்குப் போட்டார். ஊரை விட்டுப் போக ஒரே ரோடு, அதில் ஒரே கார் போகிற பாலம், பாலத்தின்மேல் ஐஸ். ஒவ்வொரு காரும் நின்று சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டித்தான் போக வேண்டும். அதுவரை லயல் இடைவெளி விடாமல் போட வேண்டும். லயலுக்கு அது தெரியாது. ஐலீனுக்கு அவருக்குத் தெரியாது என்று தெரியும்.

"நான் பஸ் ஓட்டுறவன், ஐலீன். எனக்கு இது வராது."

"கியர் மாத்துறப்ப வண்டியை ரோட்டுல நிறுத்திட்டா மாத்துவே? ஓடிட்டே மாத்துவல்ல. அதேதான்."

இருபது வருடத்தில் அவருக்கு யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை. ஹெட்போனை ஒரு காதில் வைத்தார். முதல் தடவை இரண்டு பாட்டும் இரண்டு குடிகாரர்கள்போல ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஆனால் சத்தம் நிற்கவில்லை. மலை நகரவில்லை. நான்காவது தடவை விரல் தவறி ஆறு வினாடி மௌனம். பின்சுவரில் மாட்டியிருந்த பழைய சறுக்குக் கட்டைகள் ஆடின. ஐலீன் பின்ஜன்னலில் நாடாவோடு நின்று "முப்பது" என்றார். ஐந்தரை மணிக்கு இருபத்து நான்கு. பிறகு கரண்ட் ஒருமுறை இமைத்தது. அந்த ஒரு இமைப்பு ஏழு மீட்டர். ஆறே காலுக்குப் பதினொன்று. லயலின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டதில் ரத்தம் வந்தது.

பாரில் மிச்சமிருந்தவர்கள் மூன்று பேர். ஐலீனும் நைரியும் போகவில்லை.

"ஆன்ட்டி, நீங்க கிளம்புங்க. கார் இருக்குல்ல."

"என் கடைக்கு ஒரு விருந்தாளி வர்றப்ப நான் எங்கடி போறது? நீ போ. உனக்கும் இவனுக்கும்தான் ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லதான்" என்றார் ஐலீன், ஜன்னலை விட்டு நகராமல். "ஒம்பதரை மீட்டர்."

ஏழு மணிக்கு முக்கால்வாசி ஊர் பாலத்தைத் தாண்டியிருந்தது. மீதிப் பேர் பாலத்தின் இந்தப் பக்கம், சிட்னிக்காரர் ஒருவர் சங்கிலியைத் தலைகீழாக மாட்டிவிட்டதால் வரிசையில் நின்றார்கள். பின்ஜன்னலில் இப்போது வானம் தெரியவில்லை. பனி மட்டும்தான், அதன் நடுவில் கயிற்று லிஃப்டின் இரும்புச் சக்கரம் ஒரு கண்ணைப் போலக் கண்ணாடியை ஒட்டி நின்றது. லயலிடம் தாளம் ஒத்துப்போகிற பாட்டுகள் தீர்ந்துவிட்டன. இன்னும் ஒன்று இருந்தது, நான்கு நிமிடம். அது முடிந்தால் இரண்டு குடிகாரர்களும் மறுபடி விழுவார்கள். இந்தத் தடவை விழ இடம் இல்லை.

அப்போது கதவைத் திறந்துகொண்டு வார்விக் பென்னிஃபாதர் வந்தார். டை கட்டியிருந்தார். கையில் ஒன்பது பக்கம்.

"என் கூட்டம் எங்கே? யார் இவங்களைக் கலைச்சது? சீசன் நடுவுல ஊரைக் காலி பண்றதுன்னா என்ன அர்த்தம்? பேப்பர்ல வந்தா யார் பொறுப்பு?"

"வார்விக், பின்னாடி திரும்பி ஜன்னலைப் பாரு" என்றார் நைரி.

வார்விக் பார்த்தார். பார்த்துவிட்டு, "நல்ல பனி" என்றார்.

ஐலீன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருட அளவுகோல் அவர் மனதில் ஓடியது. எண்பது என்றால் நாற்பது, நூற்றிருபது என்றால் அறுபது, ஒரு நாள்கூடத் தவறாமல். பிறகு ஜன்னலை விட்டு வந்து, வாழ்நாளில் முதல்முறையாக அந்த மனிதரை மரியாதையாகக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் பென்னிஃபாதர், நீங்க பேசுங்க. மலை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு நீங்க சொன்னாத்தான் செல்லும். லயல், பாட்டை நிறுத்து. மைக்கைக் குடு."

"நிறுத்தினா செத்தோம் ஐலீன். நீதானே சொன்னே."

"நான் சொன்னதை எல்லாரும் பாதியாக்குனாங்க. இவர் சொல்றதை மலை பாதியாக்கட்டும். நிறுத்து."

லயலுக்குப் புரியவில்லை. இருந்தாலும் பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் அவர் கேட்காமல் விட்ட பேச்சுகளையெல்லாம் சேர்த்து இந்த ஒன்றைக் கேட்டார். பொத்தானைக் கீழே இழுத்தார்.

அப்படி ஒரு அமைதி அந்தப் பாரில் இருந்ததில்லை. ஃபிரிட்ஜின் ஓசை கேட்டது. வார்விக் மைக்கைத் தட்டி "ஒண்ணு, ரெண்டு" என்றார். கண்ணாடியில் ஒரு கீறல் மேலிருந்து கீழே இறங்கியது. "பெருமதிப்புக்குரிய விருந்தினர்களே, பங்குதாரர்களே" என்று முதல் பக்கத்தை ஆரம்பித்தார். பின்சுவரின் ஒரு பலகை பெயர்ந்து, அதன் வழியே பனி ஒரு கைப்பிடி உள்ளே விழுந்தது.

"தூரம், மிஸ்டர் பென்னிஃபாதர். தூரத்தை மட்டும் சொல்லுங்க."

"தூரம் நாலாம் பக்கத்துல வருது."

"அதை முதல்ல படிங்க."

"எதுக்கும் ஒரு முறைன்னு இருக்கு, ஐலீன். முன்னுரை, நன்றியுரை, சாதனைகள், அப்புறம்தான்..."

கூரை ஒரு பக்கமாக இறங்கியது. நைரி கவுண்டரைச் சுற்றி வந்து, அவர் கையிலிருந்த கட்டில் முதல் மூன்று பக்கங்களைக் கிழித்து, சீஸ் ரோல் தட்டின்மேல் வைத்தார். "நாலு" என்றார்.

வார்விக் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். அடிபட்ட கௌரவத்தோடு, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "நம் மலை பார் வாசலுக்கே வந்துவிட்டதாகச் சிலர் வதந்தி பரப்புவதை நிர்வாகம் வன்மையாக மறுக்கிறது. மலைக்கும் இந்தக் கட்டிடத்துக்கும் இடையே உள்ள தூரம், மிகச் சரியாக, அறுநூறு மீட்டர்."

இரும்புச் சக்கரம் கண்ணாடியை விட்டு விலகியது. சத்தம் எதுவும் இல்லை. கதவடியில் நின்றவர் வழி விடுவதுபோலப் பனி பின்னால் போனது. முதலில் ஒரு கீற்று வானம் தெரிந்தது, பிறகு நட்சத்திரங்கள், பிறகு ஒற்றைக் கோல்கம்பம். ஐலீன் நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லயலும் நைரியும் ஜன்னலுக்கு வந்தார்கள். வார்விக் ஐந்தாம் பக்கத்தைத் தொடர்ந்தார், யாரும் தடுக்கவில்லை. அவர் ஒன்பதாம் பக்கத்தை முடித்து, தாமே கைதட்டிக்கொண்டிருந்தபோது ஐலீன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"முந்நூறு. ஒரு சென்டிமீட்டர் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

லயல் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "ஐலீன், அந்த ஆட்டுக்குட்டி ஜோக்கை முடிக்கட்டுமா?" என்றார். ஐலீன் நாடாவைச் சுருட்டி முடிக்கிறவரை யோசித்தார். "முடி" என்றார். முடித்தார். நன்றாக இல்லை.

அதன்பிறகு இது ஒரு நடைமுறையாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் லயல் பாட்டுப் போடுகிறார். இப்போது இடைவெளி விடாமல் போடத் தெரியும். ஆனால் கூட்டத்துக்கு ஜோக் இல்லாமல் பிடிக்கவில்லை என்று அவராக முடிவு செய்து, மாலைக்குப் பத்து இடைவெளி விடுகிறார். மலையும் பத்துத் தடவை கிட்டே வருகிறது, மூடும்போது ஒரு எட்டு வைக்கிறது. பின்வரிசைக்காரர்கள் அதற்கு இடம் விட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வார்விக் பனி அறிக்கையில் 'மலையின் தூரம்: அறுநூறு மீட்டர்' என்று ஒரு வரி சேர்க்கிறார், ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அது முந்நூறில் போய் நிற்கிறது. ஐலீன் போய் அளந்து, சரி என்று கையெழுத்துப் போடுகிறார். ஊரைத் தன் உரையால் காப்பாற்றியதற்காக வார்விக்குக்கு ஒரு கல் நாட்டினார்கள். உரையின் ஒன்பது பக்கங்களையும் அதில் செதுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நான்காம் பக்கத்தை மட்டும் செதுக்கினார்கள்.

பழைய முந்நூற்றைம்பதில் குறைந்த ஐம்பது மீட்டர், ரக்பி மைதானத்தின் பாதி. பதினோரு வருடமாகத் தோற்றுவந்த எங்கள் அணிக்கு இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.